நெல்லை டவுனை நடந்தே பார்க்கிறது எப்படி

டவுனைப் பார்க்கணும்னா கார்ல வராதீங்க, ஜங்ஷன்ல பஸ் ஏறி ஆர்ச் பக்கம் இறங்கி நடங்க. சாயந்திரம் நாலு மணிக்கு மேல வெயில் தாழ்ந்தப்புறம் வந்தா நல்லது.

முதல்ல கோயிலைச் சுத்தி நாலு ரத வீதியும் ஒரு ரவுண்டு, ஏன்னா இந்த ஊரோட அமைப்பே தேருக்காகத்தான், ஆனித் தேரோட்டம் அன்னிக்கு வடம் பிடிச்சு இழுத்தவங்களுக்கு ஒவ்வொரு முக்குலயும் தேர் எப்படித் திரும்பும்னு தெரியும். போர்டுகளுக்கு மேல தலையைத் தூக்கிப் பாருங்க, மாடியில பழைய மரத்தூண், ஓட்டுச் சாய்ப்பு எல்லாம் இன்னும் அங்கங்க நிக்குது. இருக்கிறப்பவே பாத்துக்கோங்க.

அப்புறம் நெல்லையப்பர் கோயில் உள்ள போங்க. மணிமண்டபத்துல ஒரே கல்லுல நடுவுல பெரிய தூண், சுத்தி சின்னச் சின்னத் தூண், தட்டினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சுரம். தயவுசெஞ்சு நீங்க தட்டிப் பார்க்காதீங்க, எத்தனையோ தலைமுறை தாண்டி வந்த கல்லு அது. நடராஜர் ஆடினதாச் சொல்ற ஐந்து சபைகள்ல ஒண்ணான தாமிர சபையையும் விட்டுராதீங்க.

வெளிய வந்தா கீழரத வீதியில இருட்டுக்கடை, கூட்டமா இருந்தாலும் நின்னு நூறு கிராம் அல்வா சூடா வாங்கி அங்கயே சாப்பிடுங்க, நெய் விரல்ல வழியும்.

திரும்பறப்ப நேரம் இருந்தா பாளையங்கோட்டை பக்கம் போற வழியில 1843ல திறந்த சுலோச்சன முதலியார் பாலத்துல இறங்கி நின்னு தாமிரபரணியைப் பாருங்க, அந்த மனுஷன் சொந்தக் காசுல கட்டிக் கொடுத்த பாலம்.