நலத்திட்ட மதிப்பீட்டில் குழுக் கலந்துரையாடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடைப்பயிற்சித் திட்டமோ சர்க்கரை நோய் வகுப்போ முடிந்ததும், பயன்பெற்றவர்களில் சிலரை உட்கார வைத்து "எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். எல்லோரும் "நன்றாக இருந்தது" என்கிறார்கள். அறிக்கையில் அது வெற்றியாகப் பதிவாகிறது. உண்மையில் அந்தப் பாராட்டில் பெரும்பங்கு, கூட்டத்தை ஏற்பாடு செய்த விதத்தாலேயே வந்திருக்கலாம்.

சிக்கல் அழைப்பிலேயே தொடங்குகிறது. ஆட்களைத் திட்டப் பணியாளரே தேர்ந்தெடுத்தால், தவறாமல் வந்தவர்களையும் நன்றாகப் பேசுபவர்களையும்தான் கூப்பிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூப்பிட்டால் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டவர் ஏன் நின்றார் என்பதுதான் மதிப்பீட்டுக்கு மிகவும் தேவையான செய்தி. வகுப்பு நேரமும் வேலை நேரமும் மோதினவா, எடை பார்த்தபோது எல்லோர் முன்னாலும் எண்ணைச் சத்தமாகப் படித்தார்களா என்பதெல்லாம் அவரைக் கேட்டால்தான் தெரியும். வருகைப் பதிவேட்டை எடுங்கள். தொடர்ந்து வந்தவர்கள், பாதியில் நின்றவர்கள், பெயர் கொடுத்தும் வராதவர்கள் என மூன்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் குலுக்கல் முறையில் அழையுங்கள். மூன்று வகையினரையும் ஒரே குழுவில் கலக்காதீர்கள். விடாமல் வந்தவர் எதிரே உட்கார்ந்தால் நின்றவருக்குக் குற்ற உணர்வு வரும். சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார்.

அடுத்து, யார் நடத்துவது? வகுப்பெடுத்த செவிலியரோ ஒருங்கிணைப்பாளரோ நெறியாளராக இருக்கவே கூடாது. வாசலில் கையெழுத்து வாங்கும் வேலைக்குக்கூட அவர்கள் வேண்டாம். நாளை மாத்திரை வாங்க அதே ஆளிடம் போக வேண்டியவர், இன்று அவர் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார். கூட்டத்தைச் சிகிச்சை தரும் கட்டடத்துக்கு வெளியே வைப்பதும் இதனால்தான்.

கேள்விகளைக் குவிப்பது இன்னொரு தவறு. ஒரு குழுவுக்கு 6 முதல் 8 பேர் போதும். சிலர் வராமல் போவார்கள் என்பதால் 10 பேரை அழைக்கலாம். எட்டுப் பேர், 90 நிமிடம், 20 கேள்வி என்று கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு ஒருவர் பேசக் கிடைப்பது சுமார் 34 நொடி. அதற்குள் "ஆமாம்", "நல்லது" தவிர வேறென்ன சொல்ல முடியும்? ஏழெட்டுக் கேள்விகளோடு நிறுத்துங்கள். ஒரே குழுவை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம், ஒருவரின் கோபம் அந்தக் குழுவையே இழுத்துச் சென்றிருக்கலாம். ஒவ்வொரு வகையினருக்கும் இரண்டு மூன்று குழுக்களாவது தேவை.

"இந்தத் திட்டம் உங்களுக்கு எப்படி உதவியது?" என்ற கேள்வி, உதவியது என்று முன்பே முடிவு கட்டிவிடுகிறது. "முதல் நாள் வந்தபோது என்ன நடந்தது?" என்று தொடங்கினால் பேச்சு தானாக வரும். "ஏன் மாத்திரை சாப்பிடவில்லை?" என்பது விசாரணை போல ஒலிக்கும், "மாத்திரை விட்டுப்போகிற நாள் எப்படிப்பட்ட நாளாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டபின் ஐந்து நொடியாவது பேசாமல் இருங்கள். குழுக் கலந்துரையாடல் என்ற முறை உருவான கதையிலேயே, கேள்வியால் பதிலைத் திருப்பும் இந்தத் தவறு இருக்கிறது. 1941-இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், வானொலி நிகழ்ச்சி கேட்டவர்களிடம் நடந்த நேர்காணல் ஒன்றைப் பார்த்தார். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தானை அவர்கள் அழுத்தியிருந்தார்கள். காரணம் கேட்க வந்தவரோ தம் கேள்விகளாலேயே பதிலை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததை மெர்ட்டன் கவனித்தார்.

எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைப் பொத்தான் எண்ணிக்கையும், ஏன் என்பதைப் பேச்சும் சொல்லும். அந்தப் பிரிவினை இன்றும் பொருந்தும். எட்டுப் பேரில் ஐந்து பேர் சொன்னதை "62.5 விழுக்காடு" என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும். இரத்த அழுத்தம் குறைந்ததா என்பதற்கு அளவீட்டுப் பதிவேடுதான் சான்று.

இரகசியம் காக்கப்படும் என்று முழு உறுதி தராதீர்கள். நீங்கள் வெளியே சொல்லமாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக வாக்குக் கொடுக்க உங்களால் முடியாது. தொடக்கத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எச்ஐவி, குடும்ப வன்முறை போன்றவற்றுக்குத் தனி நேர்காணல்தான் சரி.

கடைசியில், நினைவிலிருந்து அறிக்கை எழுதுவது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும் என்பதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். நினைவில் நிற்பது சத்தமாகப் பேசியவர் குரல் மட்டுமே. இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். யார் தலையசைத்தார், எந்த இடத்தில் யார் மௌனமானார் என்பதைக் குறிப்பெடுக்க ஒருவர் தனியாக வேண்டும். கூட்டம் முடிந்த அரை மணிக்குள் நெறியாளரும் அவரும் உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிட வேண்டும். எழுத்தாக்கிய முதல் உரையாடலை இரண்டு பேர் தனித்தனியே படித்து, ஒரே விஷயத்தைப் பற்றிய பேச்சுகளை ஒன்றாகத் தொகுத்துக் கருப்பொருள் பிரிக்கட்டும். மற்ற ஏழு பேரும் பாராட்டியபோது ஒருவர் மட்டும் மறுத்திருந்தால், அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே அறிக்கையில் சேருங்கள்.