டியூஷன் சென்டர் நடத்துகிறீர்களா? தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இப்படித் தயாராகுங்கள்

பையன் பெயர், பிறந்த தேதி, அப்பா போன் நம்பர், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, போன வருஷ மார்க் ஷீட். டியூஷனில் சேர்க்கப் போனால் இவ்வளவும் கேட்கிறோம், பெற்றோரும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். அதெல்லாம் கடைசியில் எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் ஒரு எக்செல் ஷீட்டில், ஆபீஸ் போனின் கேலரியில், நாலைந்து வாட்ஸாப் குரூப்பில். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இந்தக் குவியலையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பெரிய ஐடி கம்பெனிகளுக்கான சட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். காகிதத்தில் வாங்கி அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் அதற்குள் வந்துவிடுவோம்.

பின்னணி சுருக்கமாக: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நாம் செய்ய வேண்டிய கடமைகளில் பெரும்பாலானவை விதிகள் வந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை, குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி வரை. அது உச்ச வரம்பு. தவறின் தன்மை, எவ்வளவு காலம் நடந்தது, சரிசெய்ய என்ன முயற்சி எடுத்தோம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் இந்தச் சட்டப்படி அமையும் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும். ஆனாலும் நம்மிடம் படிப்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே 18 வயதுக்குக் கீழே, சட்டத்தின் பார்வையில் குழந்தைகள். அதனால் நமக்குப் பொறுப்பு கூடுதல்.

படி 1: என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டில் நாலு பத்தி போடுங்கள்: என்ன விவரம், எதற்காக வாங்கினோம், எங்கே இருக்கிறது, யார் யார் பார்க்க முடியும். சேர்க்கைப் படிவத்தில் ஆரம்பித்து, கூகுள் ஃபார்ம், பீஸ் கணக்கு, வருகைப் பதிவு, சிசிடிவி, வாட்ஸாப் குரூப் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். ஆசிரியர்களின் சொந்த போனில் இருப்பதையும் விடாதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் அதிகம் இருக்கும். வேலையை விட்டுப் போன ஆசிரியர் இன்னும் பேரன்ட்ஸ் குரூப்பில் இருக்கிறாரா என்பதும் இந்த நோட்டில் வர வேண்டிய விஷயம்.

படி 2: வேண்டாததைக் கழியுங்கள்

என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்துக்குத் தயாராவதில் முக்கால்வாசி வேலை இதுதான், இதற்குப் பைசா செலவில்லை. "எதற்காக வாங்கினோம்" என்ற பத்தியில் பதில் எழுத முடியாத ஒவ்வொரு வரியையும் படிவத்திலிருந்து அடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் நடத்த ஆதார் நகல் எதற்கு? சாதி, மதம், அப்பாவின் வருமானம் எதற்கு? எல்லாரும் கேட்கிறார்கள் என்பதற்காகக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் பழைய விவரங்கள். புதிய விதிகள் தரவையும் லாக் பதிவுகளையும் (யார் எப்போது தரவைத் திறந்தார்கள் என்ற கம்ப்யூட்டர் பதிவு) குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. அதனால் போன மாதம் நின்ற மாணவரின் விவரத்தை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். மூன்று நாலு வருஷம் முன்னால் படித்து முடித்தவர்களின் ஆதார் போட்டோக்களில் ஆரம்பியுங்கள். வரிக் கணக்குக்குத் தேவையான ரசீதுகளை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். அழித்த பிறகு ரீசைக்கிள் பின்னையும் கூகுள் போட்டோஸின் குப்பையையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் அழித்ததாக ஆகாது.

படி 3: அறிவிப்பும் ஒப்புதலும்

என்ன வாங்குகிறோம், எதற்கு என்பதைத் தெளிவாகச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ அதைப் படிக்கும் வாய்ப்பு பெற்றோருக்கு இருக்க வேண்டும், தமிழ் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இரண்டு பக்கம் அடித்து, கீழே கையெழுத்து வாங்கும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடலாம். இப்படி எழுதினால் போதும்:

"உங்கள் பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, தேர்வு மதிப்பெண், உங்கள் போன் நம்பர் ஆகியவற்றை வாங்குகிறோம். முதல் நான்கும் வகுப்பு நடத்தவும் முன்னேற்றத்தை உங்களிடம் சொல்லவும். போன் நம்பர், வருகையும் கட்டணமும் பற்றித் தகவல் அனுப்ப. எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். புகாரையும் இதே நம்பரில் சொல்லலாம். எங்கள் பதில் போதவில்லை என்றால் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம்."

ஒப்புதலைப் பெற்றோரிடம்தான் வாங்க வேண்டும். மாணவர் தானே கூகுள் ஃபார்மில் டிக் அடித்தால் செல்லாது. பெற்றோர் நேரில் சேர்க்க வரும்போதே அறிவிப்பைப் படிக்கக் கொடுத்து, அவர் யார் என்று சரிபார்த்து, தேதியோடு குறித்து வைப்பது நம்மைப் போன்ற சின்ன இடங்களுக்கு எளிய வழி. வகுப்பு நடத்துவதற்காகவும் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணிப்பதில் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் ஓரளவு விலக்கு உண்டு. ஆனால் அதை வைத்துக்கொண்டு முதல் மார்க் எடுத்த பிள்ளையின் போட்டோவையும் பெயரையும் மார்க்கையும் இன்ஸ்டாகிராமில் போட முடியாது. அது விளம்பரம், அதற்குத் தனிக் கேள்வி, தனி டிக். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டியும் கூடாது. வேண்டாம் என்று சொன்ன பெற்றோரின் பிள்ளைக்கு சீட் இல்லை என்று சொல்லவும் கூடாது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் நீண்ட நாளாக உண்டு. குறைந்த மார்க் வாங்கியவர்களின் பட்டியலைப் பொது குரூப்பில் போடுவதை இன்றும் பல இடங்களில் செய்கிறார்கள். சட்டம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை மறுநாள் எப்படி வகுப்புக்கு வரும்? மார்க்கை அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக அனுப்புங்கள்.

படி 4: பூட்டுங்கள்

கூகுள் ஷீட்டைத் திறந்து ஷேர் பட்டனை அழுத்துங்கள். ஜெனரல் ஆக்சஸ் என்ற இடத்தில் "எனிஒன் வித் த லிங்க்" என்று இருந்தால், அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் எல்லா மாணவர் விவரமும் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். "ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்றி, தேவைப்படும் ஆட்களின் மெயிலை மட்டும் சேருங்கள். ஜிமெயிலுக்கும் வாட்ஸாப்புக்கும் டூ-ஸ்டெப் வெரிபிகேஷன் (உள்ளே போக இரண்டாவது சரிபார்ப்பு) போடுங்கள். வாட்ஸாப்பில் லிங்க்டு டிவைசஸ் போய், தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இணைந்திருந்தால் லாக் அவுட் செய்யுங்கள்.

இப்போது அதிகம் வரும் ஆபத்து ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல். போக்குவரத்து அபராத சலான் என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ பெயர் போட்டு வாட்ஸாப்பில் வரும், தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும். தட்டி இன்ஸ்டால் செய்தால் போனில் வரும் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போகும். ஆபீஸ் போனில் வாட்ஸாப்பில் வந்த எந்த ஏபிகேயையும் திறக்கக் கூடாது என்று ஊழியர்களிடம் கறாராகச் சொல்லுங்கள். மாணவர் பட்டியலை அப்படியே ஏஐ சாட்பாட்டில் ஒட்டி "ரேங்க் போட்டுக் கொடு" என்று கேட்கும் பழக்கமும் பரவி வருகிறது. பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டு வரிசை எண்ணை மட்டும் போடச் சொல்லுங்கள்.

பேக்கப் ஒன்று, கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனி ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கியபோது சர்வர்கள் முடங்கி, ஓபி சீட்டு முதல் எல்லாவற்றையும் பல நாள் கையால் எழுத வேண்டியிருந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததும் ஒரு காரணம் என்று அரசே பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. உங்களுக்குச் சின்ன அளவில் இதன் பாடம்: மாணவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் ஆபீஸ் வைஃபையும் வேறு வேறாக இருக்க வேண்டும். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள்.

பீஸ் ஆப், பல்க் எஸ்எம்எஸ் கம்பெனி என்று வெளியாரிடம் தரவு கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் கொடுக்காதீர்கள்.

படி 5: கசிந்துவிட்டால்

இதை இப்போதே ஒரு தாளில் எழுதி மேசைக்குப் பின்னால் ஒட்டுங்கள், நடந்த பிறகு தேட நேரம் இருக்காது. சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) சொல்ல வேண்டும், அந்த உத்தரவு 2022 முதலே இருக்கிறது. புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமில்லாமல் ஒரு தகவல், 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை. சின்ன கசிவுக்குச் சொல்ல வேண்டாம் என்று விலக்கு எதுவும் இல்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கூடவே பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். "சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்று மழுப்பாமல், எந்த விவரம், எப்போது போனது, அதனால் என்ன ஆகலாம், நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம், அவர்கள் என்ன செய்துகொள்ளலாம், யாரிடம் பேசலாம் என்று நேராக எழுதுங்கள். ஆதார் நகல் போயிருந்தால் மை ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கை லாக் செய்யச் சொல்லுங்கள். போன் நம்பர் போயிருந்தால், உங்கள் சென்டர் பெயரைச் சொல்லி யாராவது பீஸ் கேட்டு அழைக்கக்கூடும், ஆபீஸ் நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று அதே மெசேஜில் சேர்த்துவிடுங்கள்.