பாடசாலையில் விஞ்ஞானக் கழகம்: மழைமானியிலிருந்து தொடங்குவோம்

கண்காட்சிக்கென்று கூட்டப்படும் விஞ்ஞானக் கழகம் கண்காட்சி முடிந்ததும் கலைந்துவிடுகிறது. நாள்தோறும் செய்வதற்கு ஒரு சிறு வேலை உள்ள கழகமே நிலைக்கும் என்பது என் எண்ணம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரிமழை காணும் மட்டக்களப்பில் அந்த வேலை மழையை அளப்பதாகவே இருக்கட்டும்.

முதலில் அதிபரிடம் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். பொறுப்பாசிரியரின் பெயர், கழகம் கூடும் நாள் ஆகியவற்றோடு, காலை 8.30 மணிக்கு இரு மாணவர் ஐந்து நிமிடம் வகுப்பை விட்டு வெளியே செல்ல வேண்டியிருக்கும் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் 24 மணிநேர மழைவீழ்ச்சியைக் கணக்கிடுவது அந்நேரத்தில்தான் என்பதால், உங்கள் அளவீட்டை அதனுடன் ஒப்பிடலாம். இக்காரணத்தைச் சொன்னால் பாட ஆசிரியர்களும் முகஞ்சுளிக்கமாட்டார்கள்.

அடுத்து, தரம் 6 முதல் 9 வரையான மாணவரில் பத்துப் பேரைச் சேர்த்து, ஐந்து பாடசாலை நாட்களுக்கும் இருவர் இருவராக முறை வகுத்துக்கொள்ளுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு ஒரே கூட்டத்தில் முடியட்டும். யாப்பு எழுதுவதில் ஒரு தவணையைக் கழிக்க வேண்டியதில்லை.

மழைமானிக்கு, வாய் விட்டம் 10 சென்ரிமீற்றர் கொண்ட புனலும் ஒன்றரை லீற்றர் போத்தலும் போதும். அப்புனலின் வாய்ப்பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர் ஆகையால், 1 மில்லிமீற்றர் மழைக்கு 7.85 மில்லிலீற்றர் நீர் சேரும். சேர்ந்த நீரை ஆய்வுகூட அளவுச்சாடியில் ஊற்றி, அதன் கனவளவை 7.85 ஆல் வகுத்தால் மழைவீழ்ச்சி மில்லிமீற்றரில் கிடைக்கும். போத்தலின் பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டி வாசிக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் போத்தலின் அடி தட்டையானதல்ல என்பதோடு, அதன் அகலமும் புனலின் அகலமும் ஒன்றல்ல. காற்றில் சரியாதிருக்கப் போத்தலை மணல் நிரப்பிய வாளியில் நிறுத்தி, மரங்களிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் அவற்றின் உயரத்தின் இரு மடங்கு தூரத்திலாவது வையுங்கள்.

பதிவேட்டில் மழையில்லாத நாளுக்கு 0 என எழுத வேண்டும்; கட்டத்தை வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்பதைப் பின்னர் அறிய இயலாது. திங்கட்கிழமை அளக்கும் நீர் மூன்று நாள் மழையாகும். அதை மூன்றாகப் பிரிக்காமல் 'மூன்று நாள் மொத்தம்' என்றே குறியுங்கள்.

ஒரு மாதம் நிறைந்ததும் சலாகை வரைபு வரைந்து அறிவித்தற் பலகையில் ஒட்டலாம். நீங்கள் எழுவான்கரையில் இருந்தால், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலைக்கு இதே அளவுப் புனல் ஒன்றைக் கொடுத்து, இரு கரைகளின் பதிவுகளையும் அருகருகே வையுங்கள். ஒரே நாளில் இங்கு 40 மில்லிமீற்றரும் அங்கு 5 மில்லிமீற்றரும் வந்திருந்தால், அங்கே போத்தல் கவிழ்ந்ததா, மழையே அப்படித்தான் பெய்ததா என்று மாணவர் வாதிடத் தொடங்குவர். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள்.