அம்மாவின் நகையை அழித்து மகளுக்கு வளையல் செய்வது எப்படி

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். ஐந்து பவுனில், அதாவது 40 கிராமில் நான்கு வளையல் வேண்டும். சிங்கப்பூரின் தேக்காவில் வளையலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதுத் தங்கம் வாங்குவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். விலைக்காக அல்ல.

என் தாத்தா கோலார் தங்கவயலில் பாறை துளைத்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. கல்தூள் நுரையீரலில் படிந்து, ஐம்பது வயதுக்குள்ளேயே பத்தடி நடந்தால் திண்ணை தேடி உட்கார்ந்துவிடுவாராம். பாட்டியின் கழுத்தில் கடைசிவரை மஞ்சள் கயிறுதான். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் இன்னும் அங்கே மேடு மேடாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளுக்குள் வருகிறது.

இன்று பல சுரங்கங்களில் ஒரு டன் பாறையை உடைத்தால் ஒன்றிரண்டு கிராம் தங்கம்தான் கிடைக்கிறது. ஒரு கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: என் மகளின் நான்கு வளையலில் இருக்கும் சுத்தத் தங்கத்துக்கே 35 டன்னுக்கு மேல் பாறை. நமக்குப் பக்கத்தில் இந்தோனேசியாவின் கலிமந்தானிலோ, பாதரசம் ஊற்றித் தங்கத்தைத் திரட்டி, அதைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்குகிறார்கள் ஏழைத் தொழிலாளர்கள். அந்த ஆவியை அவர்களும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். ஆற்றில் இறங்கும் பாதரசம் மீனுக்குள் போகிறது. மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு இந்தச் சிறு சுரங்கங்களிலிருந்தே வருகிறது. 2017-இல் நடப்புக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம் இதைக் குறைக்கத்தான் முயல்கிறது. கடைக்குள் வந்துவிட்ட தங்கத்தைப் பார்த்து எது எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பீரோவில் கிடப்பது எங்கிருந்து வந்திருந்தாலும் அதற்கான பாறை எப்போதோ உடைந்துவிட்டது. அதனால் அதை அழித்துச் செய்யுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துண்டின் மேல் பரப்புங்கள். 916 முத்திரை (22 காரட், அதாவது 91.6 சதவீதம் தங்கம்) உள்ளவை ஒரு பக்கம், முத்திரையே இல்லாத ஊர் நகைகள் மறுபக்கம். வீட்டிலேயே எடை போட்டு எழுதிவையுங்கள். சமையலறைத் தராசு சிறு எடையைச் சரியாகக் காட்டாது, 0.01 கிராம்வரை காட்டும் சிறிய தராசு மலிவாகக் கிடைக்கிறது. பழைய காப்புகளுக்குள் அரக்கு இருக்கும் என்பதை மறக்காதீர்கள். என் நகைகள் 51.3 கிராம் இருந்தன. கல்லும் அரக்கும் போனபின் 44.7.

அழிக்கக் கூடாதவற்றை இப்போதே தனியே எடுத்துவிடுங்கள். அம்மாவின் அட்டிகையை நான் தொடவில்லை. அந்த வேலைப்பாட்டைச் செய்யும் கைகள் இனி கிடைப்பது அரிது. அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு, நசுங்கிய காப்பு, இவை போதும்.

அடுத்தது ஆளைத் தேடுவது. பெரும்பாலான கடைகளில் பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியிலிருந்து புதியதைத் தருவார்கள். அது வெறும் பண்டமாற்று. உங்கள் தங்கம் எங்கோ போய்விடும். "என் தங்கத்தையே உருக்கி, அதிலேயே செய்து தருவீர்களா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இரண்டு கடைகளில் மாட்டோம் என்றார்கள். ஒரு கடையில் 'மறுசுழற்சித் தங்கம்' என்று அட்டை காட்டினார்கள். சுரங்கத் தங்கத்தை ஒருமுறை உருக்கிவிட்டு அந்தப் பெயரில் விற்பதும் உலகத்தில் நடக்கிறது. அட்டையை மட்டும் நம்பாதீர்கள். கடைசியில் ஒரு மாடிப் பட்டறையில் வயதான பத்தர் ஒருவர் ஒப்புக்கொண்டார். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, ஜிஎஸ்டி எதன் மேல் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

உருக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தர் துண்டுகளை மூசை என்ற உருக்கும் கிண்ணத்தில் போட்டு, அழுக்கைப் பிரிக்க ஒரு சிட்டிகை வெங்காரம் (போராக்ஸ்) தூவி, தீயைக் காட்டினார். வெங்காரம் பொங்கி அடங்கியது. சங்கிலிக் கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, திடீரென்று எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாகச் சிவந்து உருண்டது. அதன் மேல் அழுக்கு ஒரு படலமாக ஓடியது. அச்சில் ஊற்றி, நீரில் போட்டு, நிறுத்தார்: 43.9. பிறகு எக்ஸ்ரே கருவியில் வைத்தபோது தங்கம் 88 சதவீதம் என்று காட்டியது.

"ஊர்ப் பத்தர்கள் பற்றவைக்கப் பொடி நிறைய வைத்திருக்கிறார்கள், அம்மா. 916 ஆக்க வேண்டுமென்றால் 19 கிராம் சுத்தத் தங்கம் சேர்க்க வேண்டும்" என்றார். பொடி வைத்து ஊதுவது என்று சொல்கிறோமே, அந்தப் பொடிதான்; அதில் வேறு உலோகம் கலந்திருப்பதால் உருக்கும்போது தங்கத்தின் தரம் இறங்கிவிடுகிறது.

பலர் சறுக்குவது இங்கேதான். 916 முத்திரைக்குப் பிடிவாதம் பிடித்தால், வேண்டாம் என்று சொன்ன புதுத் தங்கம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். 88 என்பது ஏறக்குறைய 21 காரட் (87.5 சதவீதம்). "அண்ணே, அப்படியே செய்யுங்கள், 875 என்று முத்திரை போடுங்கள்" என்றேன். சம்பந்தி வீட்டுக்கு நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வளையலாகப் போடுவதற்கு இது இன்னும் கெட்டியாகவும் இருக்கும்.

வாங்கும்போது மறுபடி நிறுங்கள். வளையல்கள் 40.2 கிராம். அரத்தூளில் போனது 0.4. மீதி 3.3 கிராமைக் கடையிலேயே கழித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், கேட்டு வாங்குங்கள். பத்தர் அதை ஒரு பட்டாணியளவு உருண்டையாக்கி, இளஞ்சிவப்புத் தாளில் மடித்துக் கொடுத்தார். அட்டிகைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைக்குக் காது குத்தும்போது எடுப்பேன்.