முதல் பத்து நிமிடம்: இதய நோயாளியைக் கையாள பாராமெடிக்குகளைப் பழக்கும் முறை

ஆம்புலன்ஸில் சிகிச்சை தரும் பாராமெடிக்குகளுக்கு இதய நோயாளிகள் பற்றிய பயிற்சி பெரும்பாலும் ஈ.சி.ஜி. பாடத்தில் தொடங்கி மருந்து அளவுகளை ஒப்பிப்பதில் முடிந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வில் வெளுத்து வாங்கியவர்கூட, வியர்த்துக் கொட்டும் மார்பில் எலெக்ட்ரோடு (ஈ.சி.ஜி. வயரை மாட்டும் ஒட்டு) ஒட்டாமல் நழுவும்போது கையைப் பிசைகிறார். படித்தது தலையில் இருக்கிறது, கைக்கு வரவில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை பழகவில்லை.

அதனால் நோயாளியின் அருகில் போன கணத்திலிருந்து முதல் பத்து நிமிடத்தை மையமாக வைத்துப் பயிற்சியை அமையுங்கள். நெஞ்சுவலி நோயாளிக்கு, முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 10 நிமிடத்துக்குள் 12 லீட் ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைப் பன்னிரண்டு கோணங்களில் காட்டும் பதிவு) எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டு நெறி. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எதற்கு எவ்வளவு நேரம் என்பது தானே தெரிந்துவிடும்.

ஒரு பயிற்சியாளருக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். வண்டியில் இருக்கும் அதே மாடல் மானிட்டர்-டீஃபிப்ரிலேட்டரையே (துடிப்பைத் திரையில் காட்டி, தேவைப்பட்டால் மின்அதிர்ச்சி, அதாவது ஷாக், தரும் இயந்திரம்) வகுப்பிலும் வையுங்கள். வேறு மாடலில் பழகிய விரல், அவசரத்தில் இல்லாத இடத்தில் பொத்தானைத் தேடும். சி.பி.ஆருக்கு (இதயம் நின்றவரின் மார்பை அமுக்கி மூச்சு தருவதற்கு) பொம்மை போதும். எலெக்ட்ரோடு வைக்கப் பழக மட்டும் உயிருள்ள ஆள் வேண்டும், பல பொம்மைகளில் விலா எலும்பு விரலுக்குச் சரியாகத் தட்டுப்படாது.

வாசலில் நின்று பார்ப்பது

பையைத் திறப்பதற்கு முன்பே பார்த்துவிடக் கூடியவை நிறைய: முகத்தின் நிறம், வியர்வை, மூச்சு வாங்குவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிறதா என்பது. அடுத்தது மணிக்கட்டு. ஒரே தொடுதலில் நாடியின் வேகம், சீர், பலம், தோலின் சூடு, ஈரம் எல்லாம் கிடைத்துவிடும். இந்த அரை நிமிடத்தைத் தனியாகப் பத்து முறையாவது செய்ய வையுங்கள். பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்போதுதான் எதைத் தவறவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நினைவில்லாத நோயாளியிடம் நடக்கும் பெரிய பிழை, இதயம் நின்றவரின் கடைசி விக்கல் மூச்சை உயிர்மூச்சு என்று எண்ணுவது. கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல் இடைவிட்டு வரும் அந்த மூச்சைக் கண்டு காத்திருந்தால் ஒரு நிமிடம் வீண். அதன் வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டுங்கள், சொல்லில் விளக்கினால் மனதில் பதியாது. நாடி பார்க்க 10 விநாடிதான். சந்தேகம் தீரவில்லை என்றால் மார்பை அமுக்கத் தொடங்க வேண்டும்.

கேள்விகள்

எங்கே வலி, எப்போது தொடங்கியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எங்கே பரவுகிறது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘வலிக்கிறதா?’ என்று கேட்டு ‘இல்லை’ என்ற பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். பல நோயாளிகள் வலி என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. பாரமாக இருக்கிறது, அடைக்கிறது, எரிகிறது, வாயு பிடித்திருக்கிறது என்பார்கள். முதியவர்கள், பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோரில் வெறும் மூச்சுத்திணறலாக, வாந்தியாக, சொல்லத் தெரியாத அசதியாகவும் மாரடைப்பு வரும். அதனால் நோயாளியாக நடிப்பவருக்கு எழுதித்தரும் ஐந்து காட்சிகளில் இரண்டிலாவது நெஞ்சுவலியே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கிய நேரத்தைக் கடிகார மணியாக எழுத வேண்டும். ‘காலையிலிருந்து’ என்பது பதிலே இல்லை. எழுந்தபோதே இருந்ததா, அதற்கு முன் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று துருவிக் கேட்கப் பழக்குங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதா என்று மருத்துவமனையில் எடுக்கும் முடிவுக்கு இந்த நேரம் தேவை.

விட்டுவிடவே கூடாத கேள்வி இன்னொன்று: கடந்த இரண்டு நாளில் சில்டெனாஃபில், டாடலாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரை எடுத்தாரா? சுற்றிலும் உறவினர்கள் நிற்கும்போது இதற்கு உண்மையான பதில் கிடைக்காது. தனியாக, காதருகில், காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘இப்போது தரப்போகும் மருந்தோடு அது சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், அதனால்தான் கேட்கிறேன்’ என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்ய வைப்பதில் தவறில்லை.

கிழிப்பதுபோல் சட்டென்று வந்து முதுகுக்குப் போகும் வலி என்றால் இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவில் 20க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மகாதமனிச் சுவர் கிழிந்திருக்கலாம். அங்கே ஆஸ்பிரின் தருவது தீங்கு, மருத்துவரிடம் பேசாமல் தரக்கூடாது.

எலெக்ட்ரோடு: விரல் நுனியில் கற்பது

மார்பில் ஒட்டும் ஆறு எலெக்ட்ரோடுகள் வி1 முதல் வி6 வரை. கண்ணால் குத்துமதிப்பாக ஒட்டும்போது வி1, வி2 இரண்டும் ஒரு விலா இடைவெளியாவது மேலே போய்விடும். உண்மையில் இல்லாத பழைய மாரடைப்பும் வலது கிளைத் தடையும் (இதயத்தின் வலது மின்பாதையில் தடை) ஈ.சி.ஜி. தாள் பட்டையில் தெரியும். இதைத் தடுக்க ஒரே வழி, விரலால் எண்ணுவது.

கழுத்தடிக் குழியில் விரலை வைத்து மார்பெலும்பின் மேல் கீழே இழுக்கச் சொல்லுங்கள். சுமார் 5 செ.மீ. தாண்டியதும் ஒரு மேடு தட்டும். அதற்கு நேர் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து இரண்டு இடைவெளி இறங்கினால் நான்காவது. மார்பெலும்பின் வலது ஓரத்தில் வி1, இடது ஓரத்தில் வி2. அடுத்து வி3க்குப் போகக் கூடாது. ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் வி4ஐ வைத்துவிட்டு, வி2க்கும் வி4க்கும் நடுவே வி3. வி4 இருக்கும் அதே மட்டத்தில் நேராகப் பக்கவாட்டில் போய் முன் அக்குள் கோட்டில் வி5, நடு அக்குளில் வி6. விலாவின் வளைவைப் பின்தொடர்ந்து மேலே ஏறிப்போவது வழக்கமான பிழை. பெண் நோயாளியின் மார்பகத்தைப் புறங்கையால் மெதுவாக உயர்த்தி அதன் அடியில் வி4 வைக்க வேண்டும், முன்பே சொல்லிவிட்டுத்தான். கூச்சத்தால் மேலே ஒட்டிவிட்டு வருவதும் தவறான பட்டைதான்.

வியர்வையைத் துணியால் துடைத்து, தோலைச் சற்றுத் தேய்த்து, முடி இருந்தால் மழித்த பிறகே ஒட்ட வேண்டும். கை, கால் வயர்களிலிருந்து வரும் லீடுகளில் லீட் 1 தலைகீழாகவும் ஏ.வி.ஆர். நிமிர்ந்தும் வந்தால், நோயைத் தேடுவதற்கு முன் இரண்டு கை வயர்களும் மாறிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். வேகம் விநாடிக்கு 25 மி.மீ., உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்று பட்டையில் அச்சாகியிருக்கிறதா என்றும் பார்க்கப் பழக்குங்கள். மானிட்டர் திரையின் வடிகட்டி எஸ்.டி. பகுதியை (ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே வரும் கோடு) கோணலாக்கும், அதனால் எஸ்.டி. பற்றிய முடிவைத் திரையைப் பார்த்து எடுக்கக் கூடாது. 12 லீட் அச்சில்தான் பார்க்க வேண்டும்.

சட்டையைத் திறப்பதிலிருந்து சுத்தமான பட்டை கையில் வரும்வரை நான்கு நிமிடம் என்று இலக்கு வையுங்கள். முதல் நாள் ஒருவராலும் முடியாது.

பட்டையைப் படிப்பது

ஈ.சி.ஜி.யில் எல்லா நோயையும் கற்பிக்க ஆசைப்படாதீர்கள். பாராமெடிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பட்டை நாம் போகும் இடத்தையோ வேகத்தையோ மாற்றுகிறதா?

அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் எஸ்.டி. 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் எழும்பியிருந்தால் மாற்றும். வி2, வி3 இரண்டில் மட்டும் அளவு வேறு: 40 வயதைத் தொட்ட ஆண்களுக்கு 2 மி.மீ., அதற்குக் கீழ் உள்ள ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5. லீட் 2, 3, ஏ.வி.எஃப்.பில் எழும்பினால் இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. உடனே வி4 வயரை வலது மார்பின் அதே இடத்துக்கு மாற்றி இன்னொரு பட்டை எடுக்க வேண்டும். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நைட்ரோகிளிசரின் (ரத்தக்குழாயை விரித்து நெஞ்சுவலியைக் குறைக்கும் மருந்து) பிரஷரைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். வி1 முதல் வி3 வரை எஸ்.டி. தாழ்ந்திருந்தால் பின்சுவரில் மாரடைப்பு இருக்கலாம். முதுகுப்பக்கம் வி7 முதல் வி9 வரை எடுத்தால் 0.5 மி.மீ. எழுச்சியே போதுமான சான்று.

முதல் பட்டை சரியாக இருந்ததும் மூச்சு விட்டுவிடுகிறார்கள். வலி நீடித்தால் 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். பயிற்சிக் காட்சியில் முதல் பட்டை சாதாரணமாகவும் மூன்றாவது பட்டை மாரடைப்பாகவும் இருக்கட்டும். எத்தனை பேர் மூன்றாவதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். இயந்திரம் மேலே அச்சிடும் விளக்கத்தை மடித்து மறைத்துவிட்டுத்தான் பட்டையைக் கையில் கொடுக்க வேண்டும்.

மருந்தும் புறப்பாடும்

அளவுகளில் உங்கள் சேவையின் நெறிமுறையே இறுதி. பொதுவாக ஆஸ்பிரின் 300 மி.கி., மென்று விழுங்க வேண்டும். குடலில் கரையும்படி பூச்சு பூசிய மாத்திரையைத் தண்ணீரோடு முழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். நைட்ரோகிளிசரின் 0.4 மி.கி. நாக்கின் அடியில், 5 நிமிட இடைவெளியில், அதிகம் மூன்று முறை. ஒவ்வொரு முறைக்கும் முன் பிரஷர் பார்க்க வேண்டும். மேல் பிரஷர் 90க்குக் கீழ், நாடி 50க்குக் கீழ், வலது கீழறை மாரடைப்பு, மேலே சொன்ன மாத்திரைகள் ஆகியவற்றில் எது இருந்தாலும் கிடையாது. நைட்ரோகிளிசரினால் வலி குறைந்தது என்பது மாரடைப்புக்கான ஆதாரமும் ஆகாது.

ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு மேல் இருப்பவருக்கு மாஸ்க் தேவையில்லை. பழைய பழக்கம், விட மாட்டார்கள். காட்சிக்குக் காட்சி ‘ஏன் போட்டீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டே இருங்கள். இதற்கு மாறாக, நுரையீரலில் நீர் கோத்தவருக்கு ஆக்சிஜன் அவசியம். அவரை ஈ.சி.ஜி.க்காகப் படுக்க வைத்துவிடக் கூடாது, உட்கார்ந்தபடியே எடுக்கலாம். சிபாப் (மாஸ்க் வழியாகத் தொடர்ந்து அழுத்தக் காற்று தரும் கருவி) இருந்தால் 5 முதல் 10 செ.மீ. நீர் அழுத்தம்.

எஸ்.டி. எழுந்த நோயாளிக்கு டீஃபிப்ரிலேட்டர் பேடுகளை (ஷாக் தர மார்பில் ஒட்டும் தகடுகள்) ஒட்டிவிட்டே வண்டி கிளம்ப வேண்டும், வழியில் இதயம் எப்போது வேண்டுமானாலும் படபடத்து நின்றுவிடலாம். தொடர்பு தொடங்கி 120 நிமிடத்துக்குள் ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்தி அடைப்பைத் திறக்கக் கூடிய கேத் லேப் எட்டுமென்றால் அங்கே. எட்டாது என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து கிடைக்கும் இடத்துக்கு. புறப்படும்போதே அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.

இதயம் நின்றுவிட்டால்

எண்கள் எல்லோருக்கும் தெரியும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கல், ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அமுக்கலுக்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். தவறு நடப்பது இடைவெளிகளில். ஷாக் கொடுக்கும் அந்தச் சில விநாடிகளைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பழக்குங்கள்.

இரண்டு நிமிடம் முடிய 15 விநாடி இருக்கும்போது, அமுக்குவது தொடரும்போதே இயந்திரத்தை சார்ஜ் செய்ய வேண்டும். நேரம் வந்ததும் கை மேலே எழும், மார்பிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும். திரையில் ரிதம் (துடிப்பின் வகை) பார்க்க ஒரு பார்வை. ஷாக் தேவையென்றால் எல்லோரும் விலகியதை உறுதிசெய்து பொத்தான், உடனே கை கீழே. நாடி தேடக் கூடாது, திரையை வெறிக்கக் கூடாது. ரிதம் பார்வையும் சேர்த்து அமுக்குதல் நின்ற மொத்த நேரம் 10 விநாடியைத் தாண்டவே கூடாது, ஐந்துக்குள் வரும்வரை மறுபடி மறுபடி செய்யட்டும். ஷாக் தேவையில்லை என்றால் சார்ஜை இறக்கிவிட்டுத் தொடர வேண்டும்.

பேட் விஷயத்தில் இடது பேட்தான் தவறான இடத்துக்குப் போகும். மார்பின் முன்பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். அது நடு அக்குள் கோட்டில், கைக்கு அடியில் இருக்க வேண்டும். ஆம்பு பையையும் (கையால் பிழிந்து மூச்சு தரும் பை) கவனியுங்கள். பதற்றத்தில் முழுப் பையையும் பிழிவார்கள். மார்பு எழும் அளவு போதும், ஒரு விநாடி நேரம். மூச்சுப்பாதையில் குழாய் போட்ட பிறகு நிமிடத்துக்கு 10 மூச்சு. அதற்கு மேல் போனால் மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். கேப்னோகிராஃபி (வெளிவரும் மூச்சில் உள்ள கரியமில வாயுவின் அளவு) 10க்குக் கீழே கிடந்தால் அமுக்குபவர் களைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு ஆளை மாற்றுங்கள், சட்டென்று 40ஐ நோக்கி ஏறினால் இதயம் திரும்பியிருக்கலாம்.

அட்ரினலின் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஷாக் தேவைப்படாத ரிதத்தில், ரத்தநாளத்தில் மருந்து ஏற்ற வழி கிடைத்ததும் உடனே. மூன்று ஷாக்குக்கும் அடங்காவிட்டால், துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் 300 மி.கி. இதயம் திரும்பியதும் ஈ.சி.ஜி.க்கு ஓடாமல் 8 நிமிடம் பொறுக்கலாம், அதற்குமுன் எடுத்த பட்டை இல்லாத மாரடைப்பைக் காட்டக்கூடும்.

வேகமும் மந்தமும்

நாடியின் எண்ணை மட்டும் பார்த்து மருந்தெடுக்கக் கூடாது. பிரஷர் இறங்கியிருக்கிறதா, நினைவு மங்குகிறதா, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உண்டா என்ற நான்கும்தான் முடிவு செய்யும். இவை உள்ள நிலையற்ற வேகத் துடிப்புக்கு ஒத்திசைத்த ஷாக் (இதயத் துடிப்போடு நேரம் பொருத்தித் தருவது). ஒவ்வொரு ஷாக்குக்குப் பின்னும் பல இயந்திரங்களில் ஒத்திசைவு தானே அணைந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டும். மந்தத் துடிப்புக்கு அட்ரோபின் 1 மி.கி., மொத்தம் 3 மி.கி. வரை. பேசிங் (மார்பின் மேலிருந்து மின்துடிப்பு தந்து இதயத்தை இயக்குவது) தொடங்கினால் தொடையில் நாடி பாருங்கள், கழுத்தில் பார்த்தால் தசை துடிப்பது நாடிபோல ஏமாற்றும்.

முடிந்ததும் பேசுவது

காட்சி முடிந்ததும் நீண்ட உரை வேண்டாம். தவறிய இடத்தில் நிறுத்தி, பத்து விநாடி பின்னோக்கிப் போய், அதே இடத்தை உடனே மறுபடி செய்ய வையுங்கள். இந்தத் திறன்கள் சில மாதங்களிலேயே மழுங்கத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் வகுப்பைவிட, மாதத்துக்கு ஒருமுறை பணிநேரத் தொடக்கத்தில் பதினைந்து நிமிடம் மேல்.

மருத்துவமனையில் ஒப்படைப்பதையும் கடிகாரம் வைத்துப் பழக்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள்: வயது, வலி தொடங்கிய மணி, பட்டையில் கண்டது, கொடுத்தது, கொடுத்த மணி, இப்போதைய நிலை. முதல் ஈ.சி.ஜி. பட்டையில் எடுத்த மணியையும் அப்போது வலி இருந்ததா என்பதையும் பேனாவால் எழுதி நோயாளியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அங்கே எடுக்கும் பட்டையில் எஸ்.டி. பழைய மட்டத்துக்கு இறங்கியிருந்தால், அது எழும்பியிருந்ததற்கு அந்தத் தாள் மட்டுமே சாட்சி.