குளிர் உண்டு, கம்பளி இல்லை: மலையகத்துக்கு ஊசியும் நூலுமாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் நுவரெலியாவுக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்று யாரோ பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் வந்த வினைதான் முதல் தவறு. இங்கிலாந்து மாதிரிக் குளிர் என்றால் இங்கிலாந்து மாதிரி நூல் கடையும் இருக்கும் என்று நம்பி, ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை, ரொறன்ரோ, எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "இங்க நல்ல கம்பளி நூல் எங்க வாங்கலாம்?"

குளிர் உண்மைதான். நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். ஆனால் ரோமத்துக்காகச் செம்மறி வளர்க்கும் தொழில் இங்கே கிடையாது. அம்பேவெலப் பக்கம் பச்சைப் புல்வெளியைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பால் மாடுகளின் ராஜ்ஜியம். கடையில் கிடைக்கும் நூல் வெளிநாட்டிலிருந்து இறங்குவது, அதிலும் பெரும்பாலும் அக்ரிலிக். குழந்தைத் தொப்பிக்கும், வாசல் தோரணத்துக்கும், பள்ளிக்கூடக் கைவேலைக்கும் போகும் சரக்கு. இளம் ரோஸ், இளம் நீலம், மஞ்சள், கண்ணைக் குத்தும் சிவப்பு. இவற்றைத் தாண்டி ஒரு நல்ல சாம்பல் நிறம் கிடைத்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம்.

ஆகவே, பயணத்தில் பின்னுவதற்கு வேண்டிய நூலை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். மறந்துபோனால் கொழும்பில் புறக்கோட்டை கெய்சர் வீதிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மலை ஏறுவது நல்லது. மேலே வந்தபின் தேடுவதானால் 'நூல் கடை' என்ற பலகையைத் தேடாதீர்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பதுளையிலோ பென்சி கடையிலும், தையல் சாமான் கடையிலும், சில நேரம் கொப்பி புத்தகம் விற்கும் கடையிலும்தான் அது ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். வெளியே தெரியாது, கேட்க வேண்டும்.

நாள் பார்த்துப் போவதும் முக்கியம். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், பல கடைகள் பூட்டு. தோட்டங்களைச் சுற்றியுள்ள டவுன்களில் ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டம் நிற்கும். 10ஆம் திகதி சம்பளம் போட்ட கையோடு வரும் ஞாயிறு என்றால் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் போய், நிறத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பத்து உருண்டையை இறக்கச் சொன்னால் எந்த முதலாளிக்கும் கோபம் வரும். சாதாரண நாளில், காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். அப்போது அவரே இன்னொரு பெட்டியைத் திறந்து காட்டுவார்.

லேபிளை நம்பி ஏமாறுவது

உருண்டையைச் சுற்றிய தாளில் 'வூல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திருப்பிப் பாருங்கள், சின்ன எழுத்தில் 100 சதவீதம் அக்ரிலிக் என்று இருக்கலாம். ஒன்றும் எழுதாமலும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு உருண்டை வாங்கி, அறைக்குப் போய், கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு சாண் நூலைக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான கம்பளி மெதுவாகக் கருகும், முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், சாம்பலை விரலால் பொடி பண்ணலாம். அக்ரிலிக் உருகி ஓடி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி நிற்கும். பருத்தி காகிதம் எரிவதுபோல எரியும். கடைக்குள் வைத்து இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அக்ரிலிக் மட்டம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஈரத்தில் சீக்கிரம் காய்வது அதுதான். பிள்ளைத் தொப்பிக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை. கம்பளி விலை கொடுத்து அக்ரிலிக் வாங்குவதுதான் தவறு.

சாய லாட் எண்ணையும் பார்க்க வேண்டும். சிறிய கடையில் ஒரே நிறத்தில் நாலு உருண்டை இருந்தால் அதில் இரண்டு வேறு சாயத்தொட்டியில் நனைந்தவையாக இருக்கும். டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரியும், பின்னி முடித்து வெயிலில் விரித்தால் நடுவில் கோடு விழும். வாசலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள். பெரியவர்களுக்கான ஸ்வெட்டருக்கு 8 பிளை (நடுத்தரப் பருமன்) நூல் ஏறக்குறைய அரைக் கிலோவாவது வேண்டும். அவ்வளவு ஒரே லாட்டில் இங்கே கிடைப்பது அபூர்வம். தொப்பி, கையுறை, கழுத்துத் துண்டு என்று சின்னதாகத் திட்டம் போடுங்கள்.

ஊசி எண்ணில் சறுக்குவது

ஊசி வாங்குகிறவர்கள் அடிக்கடி விழும் குழி இது. இங்கே பழைய ஊசிகளில் இருப்பது பிரித்தானிய எண், அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். இணையத்தில் இறக்கிய பட்டர்ன் அமெரிக்க எண்ணில் இருந்தால் கதை தலைகீழ். பிரித்தானிய 10 என்றால் 3.25 மில்லிமீட்டர், அமெரிக்க 10 என்றால் 6 மில்லிமீட்டர். இரண்டையும் மாற்றிப் பிடித்தால் தலைக்குப் பின்னிய தொப்பி தேங்காய்க்குத்தான் போடலாம். 8 பிளைக்கு வழக்கமான 4 மில்லிமீட்டர் ஊசி பிரித்தானிய எண்ணில் 8, அமெரிக்க எண்ணில் 6. எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள்.

குரோஷேயிலும் இதே சிக்கல். இங்குள்ள மூத்த பெண்கள் பழகியது பிரித்தானிய முறை. அதில் 'டபுள் குரோஷே' என்பது அமெரிக்கப் பட்டர்னில் 'சிங்கிள் குரோஷே'. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அக்காவிடம் கற்றுக்கொள்ளும்போது பெயரைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள்.

பேல் பஜாரில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது

என்னைக் கேட்டால், மலையகத்தில் உண்மையான கம்பளி கிடைக்க வாய்ப்புள்ள இடம் நுவரெலியாவின் பேல் பஜார்தான். ஏற்றுமதியில் மிஞ்சிய ஜாக்கெட், ஸ்வெட்டர், குளிர்த் தொப்பி எல்லாம் வரிசையாகத் தொங்கும். குளிருக்கு எதுவும் கொண்டுவராத உல்லாசப் பயணிகள் போட்டுக்கொள்ள வாங்குவார்கள். பின்னல்காரர்கள் பிரித்து நூல் எடுக்க வாங்கலாம். ஆனால் எல்லா ஸ்வெட்டரும் பிரியாது. இங்கேதான் காசைக் கொட்டுகிறார்கள்.

முதலில் ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பிப் பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். ஓரத்தை வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் அதை அப்படியே திரும்ப மாட்டிவிடுங்கள். துணி மாதிரி வெட்டித் தைத்த ஸ்வெட்டர் அது. ஒவ்வொரு வரிசையும் ஓரத்தில் அறுந்திருக்கும், பிரித்தால் முழம் முழமாகத் துண்டு நூல்தான் வரும். மாறாக, இரண்டு ஓரமும் வெட்டுப்படாமல், சங்கிலி மாதிரி ஒரு தையலால் மட்டும் இணைந்திருந்தால் அது வடிவத்துக்கே பின்னி எடுத்தது. கைக்குழிப் பக்கம் சாய்வாகச் சின்னச் சின்னப் புள்ளிக் கண்ணிகள் வரிசையாகத் தெரிந்தால் இன்னும் உறுதி. அந்தச் சங்கிலித் தையலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சிப்பு மாதிரிச் சர்ரென்று திறந்துகொள்ளும். தெரியவில்லையா? பக்கத்தில் கார்மென்ட்டில் வேலை செய்த தங்கச்சி யாராவது நின்றால் காட்டுங்கள், ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள்.

அடுத்து, நூலின் பருமன். மெஷினில் நெருக்கமாகப் பின்னிய மெல்லிய ஸ்வெட்டர் தொட இதமாக இருக்கும், ஆனால் பிரித்தால் சிலந்தி வலை. கண்ணிகளைத் தூரத்திலிருந்தே எண்ண முடிகிற தடித்த ஸ்வெட்டரைத் தேடுங்கள். சூடுதண்ணீரில் துவைத்துச் சுருங்கிக் கெட்டித்துப்போன கம்பளியையும், புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் மோஹேரையும் விட்டுவிடுங்கள். கண்ணி கண்ணியைக் கவ்விக்கொண்டு விடாது. பெரிய அளவு ஆண்கள் ஸ்வெட்டர் என்றால் ஒரே நிறத்தில், ஒரே லாட்டில் அரைக் கிலோவுக்குக் கிட்ட நூல் தேறும். மேலே பென்சி கடையில் கிடைக்காத அதே அரைக் கிலோ.

பிரிக்கும் வேலையை விடுதியில் ஆரம்பிக்காதீர்கள். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரிச் சுருண்டு நிற்கும். கதிரை முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட வேண்டும். நுவரெலியாவின் மழைநாளில் அது காய்வதற்குள் உங்கள் லீவு முடிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

கைத்தறிக் கோனைப் பார்த்ததும் தூக்குவது

கண்டிப் பக்கம் கைத்தறி நெசவு பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே அடுக்கியிருக்கும் பருத்தி நூல் கோன்களைக் கண்டதும் ஆசை வரும். நிறம் அப்படி. கொடுப்பார்களா என்று கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள். நெசவுக்கு வழக்கமான 2/40 நூல் 100 கிராமில் சுமார் 3,400 மீட்டர் ஓடும். அதைத் தனி இழையாகக் குரோஷே பண்ண உட்கார்ந்தால் ஆயுசு போதாது. எட்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 420 மீட்டர், அதாவது சாக்ஸ் பின்னும் நூலின் பருமன். அதற்கு எட்டுக் கோன் வேண்டும், அல்லது ஒரு கோனை எட்டாகப் பிரித்துச் சுற்றும் பொறுமை வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நெய்த துண்டையே வாங்குங்கள், நெய்தவருக்கும் அதில்தான் கூலி.

தும்பறைப் பாய் நெசவும் கண்டி மாவட்டத்தில்தான். 'தும்பற ரட்டா கலால' என்று 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த கலை. அது ஹன செடியின் நாரில் நெய்வது. அங்கே போய்ப் பின்னல் நூல் கேட்பது வீண். அதேபோல பீரளு லேஸ் தேடி மலை ஏறாதீர்கள். அது காலி, வெலிகமக் கரையோரத்துச் சங்கதி.

கோச்சியிலும் பஸ்ஸிலும்

பதுளைக் கோச்சியில் பின்னிக்கொண்டே போவது சொர்க்கம்தான், இடம் கிடைத்தால். முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டு பின்ன முடியாது, நீளமான நேர் ஊசி பக்கத்தில் நிற்பவரின் விலாவில் குத்தும். கேபிள் வைத்த வட்ட ஊசி கொண்டுவாருங்கள். உருண்டையைச் சிப் வைத்த பைக்குள் போட்டு நூலை மட்டும் வெளியே விடுங்கள். கதவு திறந்தபடி ஓடும் பெட்டி இது, உருண்டை உருண்டால் தேயிலை மலைக்குத்தான். சுரங்கங்கள் அடுத்தடுத்து வரும், இருட்டில் கண்ணி எண்ண முடியாது. டிசைன் வேலையை வைத்துவிட்டுக் கையே தானாகப் பின்னும் எளிய வரிசையை எடுங்கள். சன்னலைப் பார்க்கவும் அதுதான் வசதி. பட்டிப்பொலை தாண்டிச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் ஊவா மாகாணம், பல நாட்களில் வெயிலும் சேர்ந்தே மாறும். அதைத் தவறவிட்டுக் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தால் என்ன பயணம்?

பஸ்ஸில் பின்னவே வேண்டாம். றம்பொடை வளைவுகளில் தலையைக் குனிந்தால் வயிறு புரட்டும்.

பருவமும் முக்கியம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேற்கு மழை. அதே நேரம் பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். வருடக் கடைசியில் மழை ஊவாவுக்கு. துவைத்து விரித்துக் காயவைக்க வேண்டிய வேலை இருந்தால் இதைப் பார்த்துத் தங்குமிடம் போடுங்கள். நூலை எப்போதும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூசண வாடை வரும்.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. கையால் பின்னிய தொப்பியை வழியோரம் ஒரு அம்மா விற்றால், "இதே தொப்பி பஜாரில் பாதி விலை" என்று சொல்லாதீர்கள். பஜாரில் இருப்பது மெஷின் தொப்பி என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பின்னுகிறவருக்குத் தெரியும்.

சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களுக்கும் ஒன்று. வழியில் யாத்திரிகர்கள் ஊசியில் வெள்ளை நூல் கோத்து நேர்த்திக்கடனாக விட்டுச்செல்லும் இடம் உண்டு. நூலைக் கண்டால் கை துறுதுறுக்கும்தான். அது காணிக்கை, தொடாமல் தாண்டிப் போங்கள்.

ஊர் ஞாபகமாக நூல் வேண்டும் என்கிறவர்களுக்கு என் யோசனை வேறு. கடையில் தேயிலைத் தூள் வாங்கிப்போய் வீட்டில் வெள்ளைக் கம்பளியில் சாயம் ஏற்றுங்கள். தேயிலையின் துவர்ப்பே சாயத்தைப் பிடித்துவைக்கும், படிகாரம் தேவையில்லை. நூலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் தேன் நிறத்திலிருந்து மண் நிறம் வரை வரும். துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டால் சாம்பல் கறுப்புக்குப் போகும். பருத்தியிலும் வெளிறலாகப் பிடிக்கும், அக்ரிலிக்கில் ஒட்டவே ஒட்டாது. விடுதிக்காரரின் சட்டியில் மட்டும் செய்துவிடாதீர்கள்.

திரும்பிப் போகும்போது விமானம் ஏறுகிறவர்கள் உலோக ஊசிகளையும் கத்தரியையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். கையில் மூங்கில் ஊசி இருந்தாலும், விடுவதா இல்லையா என்பதைச் சோதனையில் நிற்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். விவாதம் பண்ணிப் பலன் இல்லை. கட்டுநாயக்க போவதற்கு முன்பே, ஊசியில் இருக்கும் கண்ணிகள் எல்லாவற்றுக்கும் ஊடாக ஒரு மெல்லிய பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டுவைத்தால், ஊசி பறிபோனாலும் பின்னியது பிரியாது.