மகள் தன்னை விக்கா என்று சொன்னால்: டர்பன் பெற்றோருக்குச் சில வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்கள் சில நேரம் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “அக்கா, பிள்ளை கழுத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறாள். ராத்திரியில் அறைக்குள் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். கேட்டால் விக்கா என்கிறாள். பேயைக் கும்பிடுகிறாளா?”

இல்லை, பேயைக் கும்பிடவில்லை. விக்கா, இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ஒரு மதம். அந்தப் பதிலோடு அவர்களை அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. பயந்துபோன பெற்றோர் முதல் இரண்டு மூன்று நாளில் செய்யும் காரியங்கள்தாம் பிள்ளையை வீட்டைவிட்டு விலக்கிவிடுகின்றன. அதனால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று விரிவாக எழுதுகிறேன். நான் மாரியம்மன் பக்தை, விக்கா அல்ல. இந்த மதத்துக்கு ஆள் சேர்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

முதலில் வாயைக் காத்துக்கொள்ளுங்கள்

பக்கத்து வீட்டாரிடமோ, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ, வேலைக்கு வரும் பெண்ணிடமோ “என் மகள் சூனியக்காரி ஆகிவிட்டாள்” என்று சொல்லாதீர்கள். அழுதுகொண்டு சொன்னாலும், கோபத்தில் சொன்னாலும் அந்தச் சொல் ஊருக்குள் போய்விடும். தென்னாப்பிரிக்காவில் அந்தப் பழி உயிரை வாங்கியிருக்கிறது. இன்று லிம்போபோ என்று அழைக்கப்படும் மாகாணத்தில், சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை ஊரே கூடிக் கொன்ற சம்பவங்கள் பெருகியதால்தான் 1995இல் ரலுஷாய் ஆணையம் அமைக்கப்பட்டது. வீட்டோடு எரிக்கப்பட்டவர்களில் வயதான பெண்கள் பலர். மின்னல் விழுந்தது, பிள்ளைக்கு நோய் வந்தது, யாரோ ஒரு பாட்டியின் பெயரைச் சொன்னார்கள். அதற்குமேல் எந்தச் சாட்சியமும் அங்கே தேவைப்படவில்லை.

1957ஆம் ஆண்டின் சூனிய ஒடுக்குமுறைச் சட்டத்தின்படி, ஒருவரைச் சூனியக்காரர் என்று பழிப்பதே குற்றம். அதே சட்டம், தனக்கு அப்படிப்பட்ட சக்தி உண்டென்று சொல்லிக்கொள்வதையும் குற்றமாக்கியிருக்கிறது. இங்குள்ள விக்காக்கள் பலர் தங்கள் நம்பிக்கையை வெளியே சொல்லத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு எல்லோருக்கும் மதச் சுதந்திரம் தருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று, விக்கா உள்ளிட்ட இயற்கை வழிபாட்டாரின் பேகன் அமைப்புகள் முறையிட்டன. சட்டச் சீர்திருத்த ஆணையம் அதைப் பரிசீலித்து 2016இல் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

மகளைப் பற்றி யாரிடமாவது பேசியே ஆகவேண்டுமானால், “அவள் விக்கா மதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்” என்று மட்டும் சொல்லுங்கள்.

சாத்தான் எங்கே இருந்து வந்தான்?

சாத்தான் கிறித்தவத்திலும் அதை ஒட்டிய மதங்களிலும் வருகிறவன். விக்காவில் அவனுக்கு இடமில்லை. அவர்கள் வணங்குவது ஒரு தேவியையும் கொம்புடைய ஒரு தேவனையும். தேவியைக் கன்னி, தாய், கிழவி என்று நிலவின் வளர்ச்சியோடும் தேய்வோடும் சேர்த்து நினைப்பவர்கள் நிறையப் பேர். கொம்பைப் பார்த்ததும் பிசாசு என்று முடிவுகட்டினால், மகிடன் தலைமேல் நிற்கும் நம் துர்க்கையைப் பார்த்து வெளியார் என்ன நினைப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அவர்கள் நினைத்ததை நாம் கேட்டும் இருக்கிறோம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த நாள் தொட்டு, கரும்புத் தோட்டத்தில் உழைத்த நம் முன்னோர் காவடி எடுத்தார்கள், தீ மிதித்தார்கள், அலகு குத்தினார்கள். அதைப் பேய் வழிபாடு என்று பிரசங்கம் செய்தவர்கள் உண்டு. என் பாட்டி அந்தச் சொல்லைக் காதால் கேட்டு, பதில் சொல்லத் தெரியாமல் குமுறியவர். அதே சொல்லை அவருடைய கொள்ளுப்பேத்தி வயதில் இருக்கும் ஒரு பெண்மேல் நம்மவர்களே வீசுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சாத்தானியத்துக்கென ‘சாத்தான் சபை’ என்ற ஒரு தனி அமைப்பு அமெரிக்காவில் 1966இல் அன்டன் லாவேயால் தொடங்கப்பட்டது. அதற்கும் விக்காவுக்கும் தொடர்பில்லை. இங்கே இரண்டையும் போட்டுக் குழப்பியதில் 1990களின் சாத்தான் பீதிக்குப் பங்குண்டு. 1992இல் காவல்துறையில் அமானுஷ்யக் குற்றங்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. கறுப்பு உடை, நட்சத்திரம், மெழுகுவத்தி என்று நீளும் ‘அபாய அறிகுறி’ப் பட்டியல்கள் பெற்றோர் கைக்கு வந்தன. அந்தப் பட்டியல் இன்னும் உங்கள் வீட்டு இழுப்பறையில் இருந்தால் கிழித்துப் போடுங்கள்.

அறைக்குள் இருக்கும் பொருள்கள்

மகள் இல்லாத நேரத்தில் அறையைக் குடையாதீர்கள். “இது என்னம்மா?” என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வது புரிய, கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் போதும்.

வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் என்றால் நிலம், நீர், தீ, காற்று, ஐந்தாவதாக ஆன்மா. நமக்கு ஐந்தாவது ஆகாயம். மற்ற நான்கும் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதே பூதங்கள். முருகன் கோவிலில் அறுகோணத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாம் ஒரு முனை குறைந்ததற்காக நடுங்க வேண்டியதில்லை.

கறுப்புக் கைப்பிடி வைத்த இருபுறக் கத்தியை அதாமே என்பார்கள். பெரும்பாலும் மழுங்கலாகவே இருக்கும். வழிபாட்டுக்கு முன் வட்டம் வரைந்து இடத்தைப் புனிதப்படுத்தும்போது திசை காட்டப் பயன்படுவது. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விக்கா வழிபாட்டில் உயிர்ப்பலி கிடையாது. படையல் என்றால் ரொட்டி அல்லது கேக், ஒரு கிண்ணத்தில் திராட்சை மதுவோ சாறோ. முனீஸ்வரன் பூஜைக்குச் சேவல் அறுக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அந்தக் குடும்பங்களே பலி என்று சொல்லி விக்காவைத் தூற்றுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் அந்தக் கத்தி எக்காரணம் கொண்டும் பள்ளிப் பைக்குள் போகக் கூடாது. அதில் கண்டிப்பாக இருங்கள்.

புகை வாசனை நம் சாம்பிராணி போல இல்லாவிட்டால் அது இம்பெபோவாக இருக்கலாம். சூலு மக்கள் முன்னோரை அழைக்க எரிக்கும் மூலிகை. டர்பன் வார்விக் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். ஆப்பிரிக்கப் பாரம்பரிய வைத்தியரான சங்கோமா வேறு, விக்கா வேறு. சங்கோமாவுக்கு முன்னோரின் அழைப்பு வர வேண்டும், ஆசானிடம் நீண்ட பயிற்சி வேண்டும். விக்கா இங்கிலாந்தில் பிறந்த மதம். மூத்தி என்னும் மருந்துக்காக மனித உறுப்புகளை எடுக்கச் செய்யும் கொலைகள் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இரண்டு தரப்பையுமே சந்தேகிப்பது சங்கோமாக்களுக்கும் அநீதி.

உண்மையான கவலை மெழுகுவத்தியும் மூலிகையும்தான். திரைச்சீலைக்கு அருகில் தீ வேண்டாம், தூங்கும் முன் அணைக்க வேண்டும், மரப் பலகைமேல் உலோகத் தட்டு வைக்க வேண்டும். ஊமத்தை, அரளி போன்றவற்றைத் தொட்டு விளையாடவோ கஷாயம் வைக்கவோ கூடாது. புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக எந்த மூலிகையையும் விழுங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மந்திரம் வைப்பாளோ என்ற பயம்

மாமியாருக்கு ஏதாவது செய்துவிடுவாளோ என்று ஒரு தாய் என்னிடம் நிஜமாகவே கேட்டார். விக்காக்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட ஒரு நெறி இருக்கிறது: யாருக்கும் தீங்கு நேராதவரை உன் விருப்பப்படி செய். விக்காவின் முன்னோடிகளில் ஒருவரான டோரீன் வாலியன்ட் 1964இல் பொதுவில் சொன்ன வாசகம் அது. அனுப்பியது மும்மடங்காகத் திரும்பும் என்று நம்புவோரும் உண்டு. எல்லா விக்காக்களும் அதை ஏற்பதில்லை. இன்னொருவர் மனத்தை வசியம் செய்வதையே பலர் தீங்காகத்தான் எண்ணுகிறார்கள். அவர்கள் மந்திரம் என்று செய்வதில் பெரும்பகுதி, தேர்வுக்கு முன்னாலோ உடல் நலமில்லாதபோதோ மனத்தை ஒருமுகப்படுத்தி வேண்டிக்கொள்வதுதான்.

மகளுக்கும் திருத்த வேண்டியது உண்டு

பெற்றோரை மட்டும் திருத்தினால் போதாது. இந்த வயதுப் பிள்ளைகள் இணையத்தில் படித்துவிட்டு இரண்டு தவறான கதைகளைச் சொல்வார்கள். ஒன்று, விக்கா கற்காலத்திலிருந்து தொடர்ந்து வரும் மதம் என்பது. அதை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்டனர் என்ற ஆங்கிலேயர். 1900இல் இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். பிறகு போர்னியோ, மலாயா என்று சென்று, மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, 1936இல் இங்கிலாந்து திரும்பினார். அங்கே பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவர் விக்கா பற்றி நூல் வெளியிட்டார். பழைய கிராமிய வழிபாட்டின் எச்சத்தைக் கண்டெடுத்ததாக அவர் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ரொனால்டு ஹட்டனின் ஆய்வு 1999இல் வந்த பின் விக்காக்களிலேயே பலர் இது இருபதாம் நூற்றாண்டு மதம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். புதியது என்பதால் ஒரு வழிபாடு பொய்யாகிவிடாது.

மற்றது, ஐரோப்பாவில் தொண்ணூறு லட்சம் விக்காக்கள் எரிக்கப்பட்டார்கள் என்பது. ஆய்வாளர்களின் இன்றைய கணிப்பு ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கிறித்தவர்கள். லிம்போபோ பாட்டிமாரைப்போல, வீண்பழி சுமத்தப்பட்டவர்கள். இதை மகளிடம் சொல்லும்போது வெற்றி பெற்ற தொனி வேண்டாம்.

இன்னொன்று, பண்டிகை நாள். புத்தகங்கள் வடகோளத்துக்காக எழுதப்பட்டவை. அதில் அக்டோபர் 31 இறந்தோரை நினைக்கும் ‘சாவின்’ (Samhain) என்ற நாள். டர்பனில் அப்போது வசந்தம். அதனால் இங்குள்ளவர்களில் பலர் ஏப்ரல் கடைசியில்தான் அதைக் கொண்டாடுகிறார்கள். குளிர்காலத்து யூல் ஜூன் 21 அளவில் வரும். அந்த ஏப்ரல் இரவில் உங்கள் தாத்தாவின் படத்துக்கு முன் அவள் விளக்கேற்றினால், நீங்களும் போய் உட்காருங்கள்.

எங்கே கண்டிப்பு வேண்டும்

விக்காவில் நிர்வாண வழிபாடு உண்டா என்று கேட்பார்கள். கார்டனர் வழிவந்த சில குழுக்களில் உண்டு; வயது வந்தவர்கள், தங்கள் விருப்பத்தோடு. பெரும்பாலானோர் அங்கியோ அன்றாட உடையோ அணிகிறார்கள். குழுவே இல்லாமல் தனியாக வழிபடுவோர் ஏராளம். பொறுப்புள்ள குழுக்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே, உங்கள் பள்ளிப் பிள்ளையை யாராவது பெரியவர் தனியே தீட்சைக்கு அழைத்தால், உடை களையச் சொன்னால், வீட்டில் சொல்லாதே என்றால், பெருந்தொகை கேட்டால், அவர் எந்த மதத்தின் பெயரைச் சொன்னாலும் உடனே தடுத்துக் காவல்துறைக்குப் போங்கள். அமெரிக்க பேகன் ஐசக் போன்விட்ஸ் ஆபத்தான குழுக்களை அடையாளம் காண 1979இல் ஓர் அளவுகோலையே வகுத்தார்: தலைவர் எவ்வளவு அடக்குகிறார், பணம் எவ்வளவு கறக்கிறார், விலகினால் என்ன நடக்கிறது என்றெல்லாம் அது கேட்கும். நம் கோவில், தேவாலயம், ஆசிரமம் எதற்கும் அதே கேள்விகள் பொருந்தும்.

பள்ளியில் நட்சத்திரப் பதக்கத்தைக் கழற்றச் சொன்னால் சண்டைக்குப் போகாமல் முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். 2007இல் டர்பனைச் சேர்ந்த ஒரு தமிழ் மாணவியின் மூக்குத்தி வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கட்டாயக் கடமையாக இல்லாமல், தானே விரும்பி ஏற்ற மத, பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். நம் பிள்ளையின் மூக்குத்திக்காகப் போராடிக் கிடைத்தது அது. கடிதத்தில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

கோவிலுக்கு வர மறுக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள். பல விக்காக்களுக்கு மற்றத் தெய்வங்களை வணங்கத் தடையில்லை. ஆடிக் கூழ் ஊற்றும்போது உங்களோடு நின்று கலயம் பிடிக்க அவளுக்குச் சம்மதமாகவே இருக்கலாம். வரவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பேயோட்டுகிறேன் என்று யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள், அவர் பூசாரியானாலும் சரி, போதகரானாலும் சரி. அடித்தும் பட்டினி போட்டும் செய்யும் சடங்கு பிள்ளைக்கு இழைக்கும் கொடுமை. அவள் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதை நட்சத்திரத்தின் தலையில் கட்டாமல் கிளினிக்கில் காட்டுங்கள். பெரியவர்களிடம் பேச அவளுக்குத் தயக்கமாக இருந்தால் சைல்ட்லைன் எண் 116ஐ அவளே அழைக்கலாம், கட்டணம் இல்லை.